பதினாறு தொட்டில்

நான்கு நிமிடம் எங்கே போகிறது என்று பத்மாஸினிக்குப் புரியவே இல்லை.

மைசூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் மாடி வார்டுக்கு அவள்தான் தலைமை நர்ஸ். பதினாறு கட்டில். பக்கத்து அறையில், கொசுவலை போட்ட பதினாறு தொட்டில். தாய்க்கு ஒருத்தி என்று துணைக்கு வந்த பெண்கள் பதினாறு பேர்.

போன மாதம் மண்டி மொஹல்லாவில் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தது. அதன் புகை வார்டு ஜன்னலுக்குள் நுழைந்த அன்றே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தீ மணி அடித்தால் மூன்று நிமிடத்துக்குள் தாய்மாரும் குழந்தைகளும் முற்றத்துக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாடி வார்டை மூடிவிடுவார். கீழே இடம் கிடையாது; பதினாறு கட்டிலும் போய்விடும்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவர் கடிகாரத்தோடு வருகிறார்.

காலையில் ஒத்திகை பார்த்தபோது ஏழு நிமிடம் ஆனது. தாய்மார்கள் ஆயாக்களின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் முற்றத்துக்கு இறங்கிவிட்டார்கள். துணைப்பெண்கள் குழந்தைகளை எடுக்க ஓடினார்கள். ஒருத்தியும் சோம்பி நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு குழந்தை, நாலு எட்டு நடை, ஒரு மாடிப்படி. பிறகு ஏன் ஏழு?

மதியம் மறுபடி மணி அடிக்கச் சொன்னாள். இந்த முறை முற்றத்தில் நிற்காமல் தொட்டில் அறையின் வாசலில் போய் நின்றாள்.

அங்கே இருந்தது விஷயம்.

வாசல் ஓர் ஆள் அகலம். உள்ளே போகப் பதினாறு, வெளியே வரப் பதினாறு. முப்பத்திரண்டு தடவை யாரோ அந்த வாசலைக் கடக்கிறார்கள். உள்ளே போனவள் தன் வீட்டுக் குழந்தை எது என்று ஒவ்வொரு வலையாகத் தூக்கிப் பார்க்கிறாள். எடுத்தவள் வெளியே வரும்வரை எடுக்காதவள் ஒதுங்கி நிற்கிறாள்.

நேரம் போகும் இடம் தெரிந்துவிட்டது. அதை மீட்கும் வழி தெரியவில்லை. ஐந்து மணிக்குள் வாசலை இடித்துப் பெரிதாக்க எந்தக் கொத்தனும் வரமாட்டான்.

சுவரில் சாய்ந்திருந்த நாச்சம்மாள் சிரித்தாள். கொள்ளேகாலத்துக்காரி, தங்கைக்குத் துணையாக வந்தவள். கன்னம்பாடியில் அணை கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே சாந்துச் சட்டி தூக்குகிறவள்.

"ஏனுங்கம்மா, சட்டிக்கு ஒருத்தியா ஓடுனா அணை எப்பத்தான் ஏறுறது? நாங்கெல்லாம் வரிசையா நின்னுக்குவமுங்க. சட்டிதான் கைமாறிக் கைமாறி ஓடும்."

பத்மாஸினி சாக்குக்கட்டியால் தரையில் புள்ளி வைத்துப் பார்த்தாள். அறைக்குள் ஒருத்தி. மீதிப் பதினைந்து பேர் வாசலிலிருந்து படியின் கைப்பிடி ஓரமாக முற்றம்வரை, கை எட்டும் தூரத்தில். சுவர் ஓரம் தாய்மார்கள் இறங்குவதற்கு. யாரும் வாசலைக் கடக்க வேண்டாம். யாரும் குழந்தையைத் தேடவும் வேண்டாம். ஒவ்வொரு குழந்தையின் மணிக்கட்டு நாடாவிலும் தொட்டில் எண் இருக்கிறது, முற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு சரியாக வந்தது. லக்ஷ்மம்மாதான் வழிக்கு வரவில்லை.

"வரிசைல யார் யாரோ நிக்கறா. எங்காத்துக் கொழந்தைய இத்தன பேர் தொட்டுத் தூக்கறதாவது! நானே எடுத்துண்டு எறங்கறேன்."

ஆசாரமான மேல்கோட்டைக் குடும்பம், தம்பி மனைவிக்குத் துணையாக வந்திருந்தாள். பத்மாஸினியும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். வாதாடி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தி குறுக்கே நடந்தாலும் வரிசை அறுந்துபோகும் என்பதும் தெரியும்.

"அப்படின்னா நீங்க வரிசைல நிக்க வேண்டாம் மாமி. உள்ள நின்னு எல்லாத்தையும் தொட்டில்லேர்ந்து எடுத்துக் குடுங்கோ, போறும். உங்காத்துக் கொழந்தைய மொதல்ல தொடறது நீங்கதான்."

லக்ஷ்மம்மா அறைக்குள் போனாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது.

முதல் குழந்தை வாசலுக்கு வந்தது. வாசலில் நின்ற நாச்சம்மாள் வாங்கினாள், திரும்பினாள், கொடுத்தாள். அது படியில் கைமாறிக் கைமாறி இறங்கும்போதே இரண்டாவது வந்துவிட்டது. பிறகு மூன்றாவது. யாரும் ஓடவில்லை. பாதிக் குழந்தைகள் விழிக்கக்கூட இல்லை.

ஒன்பதாவது தொட்டிலில் லக்ஷ்மம்மாவின் வீட்டுக் குழந்தை.

அதை மார்போடு சேர்த்துக்கொண்டு அவள் ஒரு கணம் நின்றாள். நாச்சம்மாளின் இரண்டு கைகளும் வாசலில் நீண்டிருந்தன. படியில் பதினான்கு ஜோடிக் கைகள் காத்திருந்தன.

"கழுத்தத் தாங்கிப் பிடிம்மா," என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

முற்றத்து ஜமக்காளத்தில் பதினாறாவது குழந்தையைக் கிடத்தியபோது டாக்டர் கடிகாரத்தை மூடினார். இரண்டு நிமிடம் இருபது வினாடி. வார்டு இருக்கும் என்றார்.

பிறகு அண்ணாந்து மாடியைப் பார்த்து, நிஜமாகவே தீ வந்தால் கடைசியாக வெளியே வருவது யார் என்று கேட்டார்.

பத்மாஸினிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசாரத்துக்காக அவள் உள்ளே நிறுத்திய லக்ஷ்மம்மா, கடைசித் தொட்டில் காலியாகும்வரை அந்த அறையை விட்டு நகர முடியாது.

மாடி ஜன்னலிலிருந்து லக்ஷ்மம்மாவின் குரல் வந்தது.

"நான்தான், டாக்டர். உள்ள வரச்சேயே தெரியும். பதினாறையும் எண்ணி அனுப்பிச்சுட்டுதானே நான் வரணும்?"

பத்மாஸினி தலையை நிமிர்த்திக்கொண்டு டாக்டரின் பக்கத்தில் நின்றாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் துணைக்கு வருகிறவர்கள் பத்து நாளைக்கு ஒருமுறை மாறுவார்கள். அந்த இடத்தை அடுத்து வரும் ஒருத்தியின் தலையில் கட்ட முடியாது. அன்றே வார்டுச் சுவரில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி மாட்டினாள்:

தீ மணி அடித்தால், துணைப்பெண்கள் தொட்டில் அறை வாசலிலிருந்து முற்றம்வரை கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். யாரும் நடக்கக் கூடாது. எந்தக் குழந்தை வந்தாலும் வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும். அறைக்குள் நிற்பவர், அந்த நேரத்து நர்ஸ். பதினாறு தொட்டிலும் காலியான பிறகு அவர் இறங்குவார்.