மூன்று பாட்டு, பன்னிரண்டு பேர்

"ஒருத்தர்கூட எழுந்து போகலை! மூணு பாட்டும் முடியிற வரைக்கும் ஒருத்தர்கூட!"

கிதாரை உறையோடு சோபாவில் கிடத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார் அவர். தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவியின் கால் அப்படியே நின்றது.

"சும்மா சொல்லாதீங்க."

"சும்மாவா? உன் தம்பிதானே சாட்சி! பின்னாடியே வர்றான், அவனையே கேளு."

அவளால் நம்ப முடியவில்லை. எப்படி நம்புவாள்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கை பட்டால் எந்த லிஃப்டும் சொன்ன பேச்சு கேட்கும். வாயைத் திறந்தால்தான் வம்பு. பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, அது போதாதென்று தானே பாடவும் செய்வார். இதே மச்சினனின் கல்யாண வரவேற்பில் பாடியபோது, இரண்டாவது பாட்டில் மாப்பிள்ளையும் பெண்ணுமே எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். இன்னொரு நாள், நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாளுக்குத் தைரியம் கொடுப்பதற்காக வெளியே நின்று பாடினார். அந்த அம்மாள் கதவைத் தானே நெம்பித் திறந்து, படியிறங்கி ஓடியே போய்விட்டாள்.

இப்படிப்பட்டவர் போன வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்து, "இனிமே முழுநேரமும் பாட்டுதான்" என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத் தூக்கம் வரும்? அவள் தையலில் வருவது கைச்செலவுக்குச் சரி. வீடு ஓடுவது அவர் சம்பளத்தில். அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் பந்தயம் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை ஏதோ தர்ம காரியத்துக்குப் பாடக் கூப்பிட்டிருக்காங்கன்னீங்களே, அங்க மூணும் உங்க சொந்தப் பாட்டாவே பாடுங்க. முடியிறதுக்குள்ள ஒரே ஒரு ஆள் எழுந்து போனாலும் இந்தக் கடிதத்தைக் கிழிச்சிடணும். யாரும் போகலைன்னா, நானே என் கையால தபால்ல போடறேன்."

யோசிக்காமல் கையை நீட்டிச் சத்தியம் செய்தார் மனுஷர். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு முழுக்க அவளுக்குப் பள்ளிச் சீருடைத் தையல் இருந்ததால் தம்பியை அனுப்பினாள். அவன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். எண்ணைப் பார்த்தோமா, எழுதினோமா, அடுத்த வீட்டுக்குப் போனோமா என்று இருப்பவன். பேச்சும் அப்படித்தான். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் பொய்யும் வராது.

தம்பி உள்ளே வந்தான். கொஞ்சம் களைத்திருந்தான். மாமாவின் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தவன் வேறு எப்படி இருப்பான் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"டேய், உள்ளதைச் சொல்லு. எத்தனை பேர்டா இருந்தாங்க?"

"பன்னெண்டு பேர், என்னையும் சேர்த்து."

"ஒருத்தர்கூடவா எழுந்து போகலை?"

"இல்லைக்கா."

"தூங்கிட்டாங்களா?"

"நாலஞ்சு பேர் கண்ணை மூடிட்டிருந்தாங்க. தூங்கலை."

"கண்ணை மூடி ரசிச்சாங்க!" என்றார் அவர். "மைக்குகூடக் கிடையாது தெரியுமா? சத்தமே கூடாதுன்னுட்டாங்க. வெறும் கிதாரும் என் குரலும்தான். 'நாலாம் மாடியில் நீ நிற்கிறாய், நடுவழியில் நான் நிற்கிறேன், பொத்தானை அழுத்தடி பெண்ணே'ன்னு எடுத்தேன் பாரு..."

"நீங்க கொஞ்சம் இருங்க. ஏன்டா, பாட்டை அவங்க கேட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

தம்பி யோசித்தான். "எல்லாரும் கையை மூடி மூடித் திறந்துட்டே இருந்தாங்க."

"தாளம்!" என்று துள்ளினார் அவர்.

"முதல் பாட்டு ஆரம்பிக்கிறப்ப ஒரு அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்றான் தம்பி.

அவள் உடைந்துபோனாள். இந்த மனுஷன் முனக ஆரம்பித்தாலே, பதினாலு வருஷமாக மிக்ஸியைப் போட்டல்லவா அடக்கி வைத்திருந்தாள்! ஊரார் கண்ணீர் விடும் பாட்டு, கட்டிய பெண்டாட்டி காதில் மட்டும் ஏறவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வேலை போகப்போகிறதே என்ற பயத்தையும் தாண்டி, அவரைப் பார்க்கக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சொன்னா சொன்னதுதான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினாள். தம்பிக்கு ஒரு டம்ளர் டீயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று எடுத்து வந்தாள். அவன் இடது கையை நீட்டினான்.

"வலது கையை ஏன்டா மடக்கியே வச்சிருக்கே? நல்ல கையால வாங்கேன்."

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மடக்கியே வச்சிருக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்கக்கா."

"நர்ஸா? பாட்டு பாடுற இடத்துல நர்ஸுக்கு என்ன வேலை?"

சோபாவில் இருந்தவர் கிதாரை மெல்ல எடுத்துக்கொண்டு உள்ளறைப் பக்கமாக நழுவினார்.

தம்பி மீட்டர் எண்ணை வாசிக்கும் குரலிலேயே சொன்னான்.

"ரத்ததான முகாம்ல நர்ஸ் இல்லாம எப்படி? பன்னெண்டு பேரும் கையில ஊசியோட படுத்திருந்தோம். எழுந்து போனாங்களான்னுதானேக்கா நீ கேட்டே... எழுந்து போகத் துடிச்சாங்களான்னு கேட்கவே இல்லையே!"