நீங்க உக்காருங்க மாமா

"நீங்க உக்காருங்க மாமா. நீங்கதான் பெரியவர்."

"அட, நீ உக்காரு மச்சான். உன் உழைப்புதானே இது!"

கால் மணி நேரமாக இதே பாட்டுதான். பிக்கப்பின் டிரைவர் பக்கக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பெயிண்டரும் அவருடைய மச்சினனான கொத்தனாரும் ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காதா பின்னே? புருஷனும் தம்பியும் மூன்று வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் இருந்தவர்களாயிற்றே! வீட்டுச் சுவர் உரிந்தபோது இவர், "உன் பூச்சு சரியில்ல" என்றார். அவன், "உங்க பெயிண்ட் சரியில்ல" என்றான். அத்தோடு பேச்சு நின்றது.

சேர்த்து வைத்தது இந்த ஓட்டை வண்டிதான். பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்து கிடந்ததை இருவரும் கூட்டாக வாங்கினார்கள். "ஆட்டத்துல கதவு கழண்டு விழுந்துடும்" என்று கடைக்காரரையே ஓட்டச் சொன்னார்கள். பின்னால் நின்றபடி கையை நீட்டி, ஆளுக்கு ஒரு கதவைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் ஏழு மாசம், ஞாயிற்றுக்கிழமை என்றாலே வண்டிதான். துருப்பிடித்த தரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார்கள். சிமென்ட் மூட்டை சரியாமலிருக்கப் பலகைத் தடுப்பு, பூச்சுக் கரணைகளுக்கு ஒரு பெட்டி, பிரஷ்கள் தொங்க வரிசையாகக் கொக்கி. ஏணி வைக்கும் ஸ்டாண்டு மட்டும் அவளுடைய இரும்புக் கட்டிலிலிருந்து வந்தது. அன்றிலிருந்து அவள் தரையில்தான் படுக்கிறாள், பாவம். இன்ஜின் வேலையை ஒரு மெக்கானிக் வந்து பார்த்துக்கொண்டார்.

"வேலைக்குப் போற வண்டிக்கு எதுக்கு மினுமினுப்பு?" என்று பெயிண்டர், டின்களில் மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் அடித்துவிட்டார். மூஞ்சி மஞ்சள், கதவு பச்சை. பின்பக்கம் மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுச் சமையலறையின் ரோஸ் கலர்.

நேற்று மெக்கானிக் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, "சூப்பரா போகுது" என்று சொல்லி, வாசலைப் பார்த்து நிறுத்திவிட்டு வெளியூர் போய்விட்டார். இன்று ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. எட்டு வகுப்பறைக்குப் பூச்சும் பெயிண்டும், லீவு முழுக்க இரண்டு குடும்பத்துக்கும் அதுதான் சோறு.

"சொந்த வண்டி இருந்தா மட்டும் வாங்க. போன தடவை வந்தவங்க, சாமான் வரல சாமான் வரலன்னே இழுத்தடிச்சுட்டாங்க. ஒன்பதைத் தாண்டினா நான் வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

மணி எட்டு நாற்பது. சாமான் எல்லாம் ஏறிவிட்டது. ஆட்கள்தான் ஏறின பாடில்லை.

"லாரி கம்பெனியில பத்து வருஷம் இருந்தவர் மாமா நீங்க. உங்க முன்னாடி நான் ஸ்டீரிங்கைத் தொடலாமா?"

"நீ மட்டும் என்னவாம்? தண்ணி லாரியில நாலு வருஷம் குப்பை கொட்டினவன். உன் முன்னாடி நான் எம்மாத்திரம்!"

"ஐயோ, போதும் உங்க மரியாதை!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருஷப் பாசத்தையும் இன்னிக்கே காட்டணுமா? யாராவது ஒருத்தர் ஏறித் தொலைங்களேன்!"

ஏறினார்கள். எப்படி? டிரைவர் கதவைச் சாத்திவிட்டு, இருவரும் முட்டி மோதிக்கொண்டு அடுத்த பக்கம் ஓடி, ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் நகரு மச்சான்."

"நீங்க நகருங்க மாமா. எனக்கு ஜன்னலோரம்தான் பிடிக்கும்."

இந்த வயதில் ஜன்னலோரமாம்! அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அதற்குள் பெயிண்டரின் போன் அடித்தது. தலைமையாசிரியைதான்.

"என்ன, கிளம்பியாச்சா?"

"வண்டியில உக்காந்துட்டோம் டீச்சர்."

"கேட்டுலயே நிக்கறேன். இன்னொரு பெயிண்டரும் வந்து என் பக்கத்துலயே நிக்கறார்."

போனை வைத்த பெயிண்டருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. சாவியை மச்சினன் மடியில் போட்டார். அவன் பூரான் விழுந்த மாதிரி துள்ளி, அதை இவர் மடியில் தள்ளினான். சாவி நாலு தடவை போய் வந்தது.

"டேய் தம்பி, அவர்தான் விட்டுக் கொடுக்கறாரே, எடுடா வண்டியை! மணி எட்டு ஐம்பது!" என்று அவள் ஜன்னலைத் தட்டினாள்.

பெயிண்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மச்சான், மானம் போனா போகட்டும், வேலை போகக் கூடாது. லாரி கம்பெனியில நான் பெயிண்ட்தான் அடிச்சேன். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. இந்தா சாவி, நீயே எடு."

மச்சினன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

"ஐயையோ மாமா, உங்களுக்குமா தெரியாது?"