பாட ஆரம்பித்தால் எழுந்து போகிறவர்

“ஒரு பாட்டு பாடுங்களேன், ரெக்கார்டு பண்ணிக்கிறேன்” என்று நிருபர் செல்போனை மேஜைமேல் வைத்தார்.

மகள் கிதாரை எடுத்து மடியில் வைத்தாள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயே போய்விட்டார்.

“அப்போ பாட்டுல வர்றது நிஜம்தானா?” என்றார் நிருபர்.

“நீங்களே பார்த்தீங்களே சார்.”

சின்னப் பெண். நாட்டுப்பாட்டு மெட்டில் தானே எழுதி, தானே பாடி, வீட்டிலேயே பதிவு செய்த முதல் ஆல்பம். பாட்டு மொத்தமும் சோகம். அதில் ஒன்றைத்தான் இப்போது எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்.

‘நான் வாயைத் தொறந்தா நீ வாசலைத் தொறக்கிறியே,
யாருகிட்டப் பாடுவேன், சொல்லிட்டுப் போ அப்பா.’

“அவருக்குப் பாட்டே பிடிக்காதா?”

“சின்ன வயசுல நான் பாடினா, பட்டறையில இழைப்புளியைக் கீழ வெச்சிட்டுக் கேட்பாரு. தச்சு வேலை அவருக்கு. இந்த ஆல்பம் ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இப்படி. மைக்கை எடுத்தாலே கிளம்பிடறாரு.”

“ஏன்னு கேட்கலையா?”

“கேட்டேன். வேலை இருக்கும்மான்னாரு. அப்புறம் கேட்கலை, பாட்டா எழுதிட்டேன்.” சிரித்தாள். சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. “யார் கேட்டு என்ன சார்? அவர் ஒரு தடவை எதிர்ல உட்கார்ந்து கேட்டா போதும்.”

நிருபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘மகளுக்கு முதுகு காட்டிய அப்பா’ என்று தலைப்புகூட மனதில் தயார். அவள் பாடியதைப் பதிவு செய்துகொண்டு கிளம்பினார்.

தெருமுனை மருந்துக்கடைப் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“பாடி முடிச்சிட்டாளா தம்பி?” கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

“முடிச்சாச்சு. பெத்த பொண்ணு சார். ஒரு பாட்டாவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.”

குரலில் இருந்த காரம் அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கோபப்படவில்லை.

“மரத்தூள் தம்பி. நெஞ்சுல இறங்கிடுச்சு. எப்ப வரும்னு சொல்ல முடியாது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “முதல் பாட்டைப் பதிவு பண்றப்ப பக்கத்து ரூம்லதான் இருந்தேன். சொக்கிப்போயிட்டேன். அடக்கி அடக்கிப் பார்த்தும் கடைசி வரியில இருமிட்டேன். பாட்டோட அதுவும் சேர்ந்து பதிவாயிடுச்சு.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“நான் பட்டறையில இருக்கேன்னு நினைச்சு, அக்கம்பக்கத்துச் சத்தம்னு எடுத்துக்கிட்டா. மறுபடி மறுபடி பாடினா, முதல்ல வந்த மாதிரி வரவே இல்லை. உட்கார்ந்து அழுதா. நான்தாம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதுலேர்ந்து மைக்கைக் கண்டா வெளிய வந்துடறது.”

நிருபருக்குத் தன்னை நினைத்தே கூச்சமாக இருந்தது.

“இப்பவாவது சொல்லிடலாம் சார். வாங்க, நானும் வரேன்.”

அப்பா அவசரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லிடாதீங்க தம்பி. தெரிஞ்சா என்னைப் பத்தி எழுதின அந்தப் பாட்டை அவ அப்புறம் பாடவே மாட்டா. ஆல்பத்துல அதுதானே நல்லா ஓடுது.”