பத்து கிராம்

கடலைக்காட்டு எலிகளை ஆராய வந்த ரோகிணிக்குப் பொறி திறந்து கொடுப்பது செங்கமலத்தின் வேலை. அவளுக்கு இருபத்தாறு வயது, வயிற்றில் நாலாவது. அன்று காலை ஏழாவது பொறியில் ஒரு வயல் சுண்டெலி கிடந்தது. கட்டைவிரல் நீளம். தராசில் பத்து கிராம்தான் காட்டியது. வயிறு மட்டும் புடைத்திருந்தது.

“எத்தன குட்டி போடும் மேடம்?”

“ஒரு ஈத்துக்கு ஆறு. வருஷத்துக்கு நாலஞ்சு ஈத்து.”

“எத்தன வருஷம் இருக்கும்?”

“ஒரு வருஷம் இருந்தாலே பெருசு.”

“அப்ப அது எப்பத்தான் மேடம் தூங்கும்?”

ரோகிணி நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

செங்கமலம் எலியை வரப்பில் இறக்கிவிட்டாள். அது ஓடவில்லை. செடி நிழலில் குறுகி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. ரோகிணி விரட்டப் போனாள்.

“விடுங்க, கெடக்கட்டும்.” செங்கமலமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். “இந்தப் பிரசவத்தோட ஆபரேசன் பண்ணிக்கப் போறேன் மேடம். வீட்டுக்காரருக்குச் சம்மதமில்ல. என் கையெழுத்தே போதும்னு நர்சம்மா சொல்லுச்சு. நாளைக்குப் பேர் குடுக்கணும். தனியாப் போக பயமா இருக்கு.”

திறக்காத பொறிகள் இன்னும் இருபது இருந்தன. ரோகிணி நோட்டை மூடிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எத்தன மணிக்குப் போகணும்?”