காளை வயிறு

"ஊசியெல்லாம் வேண்டாம் சிஸ்டர். எங்கிட்ட மருந்து இருக்கு."

டீனோ கட்டிலோரத்து மேசையைக் காட்டினான். அதன்மேல் ஒரு கறுப்பு டப்பா, குடலுக்கான சத்துப் பவுடர். 'காளை வயிறு' என்ற பெயருக்குக் கீழே சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் லியான் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உடம்பு அனலா கொதிக்குது. மூத்திரத்துல இருந்த கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. இன்னும் ஒரு ராத்திரி விட்டா ரத்தத்துல கலந்துரும். அப்புறம் நான் உங்கம்மா முகத்துல எப்படிடா முழிக்கிறது?"

"குடல் நல்லா இருந்தா கிருமி தானா ஓடிரும். நல்ல பாக்டீரியா கெட்டதை அடிச்சுத் துரத்திரும். உங்க மருந்து நல்லதையும் சேத்துல்ல கொல்லுது? என்னை வீட்டுக்கு அனுப்புங்க. மழைக்கு முன்னாடி கரும்பை வெட்டி மில்லுக்கு அனுப்பியாகணும்."

"இதெல்லாம் யார் சொன்னது?"

"காளை வயிறுக்காரர்தான். ஃபோன்ல தினமும் எழுதுறாரு. ஒண்ணு விடாம படிக்கிறேன்."

பச்சைத் திரைக்கு அப்பால், அடுத்த கட்டிலிலிருந்து கரகரத்த சிரிப்பொன்று வந்தது. அது இருமலாகி அடங்கியது.

"சிஸ்டர், இந்த அறிவாளிக்கு என்ன வேலை?"

"கரும்பு வெட்டுற மெஷின் ஓட்டுறான்."

"அதானே பாத்தேன்! இந்த இங்ஹாம் ஊர்ப் பசங்க கரும்பு சீசன்ல மெஷினை விட்டு இறங்க மாட்டானுங்களே. ஒரு தொட்டி வண்டி ரொம்பினா அடுத்தது பக்கத்துல வந்து நிக்கும். மூத்திரத்தை அடக்குவான். இறங்கணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டான். சாயங்காலம் பீர் மட்டும் உள்ள போகும். கிருமி சொகுசா குடியேறும். அப்புறம் உக்காந்து பவுடர் கலக்குவான்."

டீனோவுக்குச் சுருக்கென்றது. "நீங்க யாரு, டாக்டரா?"

"டாக்டரா இருந்தா எதுக்குய்யா கட்டில்ல கெடக்கேன்? உனக்கு வந்ததுதான் எனக்கும்."

"காளை வயிறு சாப்பிட்டிருந்தா வந்திருக்காது."

திரைக்கு அப்பால் கட்டில் கிரீச்சிட்டது.

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா தம்பி?" என்றது குரல். "பால் பவுடர். காய்ஞ்ச வாழைக்காய் மாவு. கூடக் கொஞ்சம், தயிர்ல இருக்கிற அதே பாக்டீரியா. அதுவும் டப்பாவுக்குள்ளயே பாதி செத்திருக்கும். வயித்துக்குக் கெடுதல் இல்ல, நல்லா ஏப்பம் வரும். ஆனா உன் நோய் மூத்திரப் பையிலேருந்து கிட்னிக்கு ஏறியாச்சு. தோட்டத்துல தீப்பிடிச்சா சமையக்கட்டுல தண்ணி ஊத்துவியா?"

"பத்து வருஷமா அவர் ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லையாம். எழுதியிருக்காரு."

"எழுதுவான். எழுதினா கையா சுடப்போகுது? நம்புறதுக்கு உன்ன மாதிரி மாடுங்க இருக்கீங்களே!"

"அவரைத் தப்பாப் பேசாதீங்க! நேர்ல பாத்திருக்கீங்களா?"

"தினம் பாக்குறேன். பெரிய பயந்தாங்கொள்ளி. உடம்பு லேசா நடுங்கினாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுற ஆளு."

டீனோ பதிலுக்கு வாயைத் திறந்தான். அதற்குள் குளிர் மறுபடி ஏறியது. பற்கள் தந்தியடித்தன. விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்த வலியில் உடம்பு தானாகச் சுருண்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போடுங்க சிஸ்டர்."

லியான் அவன் மறுபடி மனம் மாறக் காத்திருக்கவில்லை. கையில் ஊசியைச் செருகி, மருந்துப் பையைக் கம்பியில் மாட்டினாள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கத் தொடங்கியது.

"சபாஷ்" என்றது குரல். "மாட்டுக்கு மூளை முளைச்சிருச்சு."

டீனோ கோபப்படவில்லை. "ரொம்ப நன்றிண்ணே. நீங்க திட்டலேன்னா வீட்டுக்குப் போயிருப்பேன்."

அப்போது அடுத்த கட்டிலின் மருந்துப் பை தீர்ந்து மெஷின் கத்தியது. லியான் திரையைச் சரக்கென்று விலக்கினாள்.

டீனோ அங்கே படுத்திருந்தவரின் சிவப்புத் தாடியைப் பார்த்தான். மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தான். மறுபடி தாடியைப் பார்த்தான்.

"சீக்கிரம் திரையை மூடுங்க சிஸ்டர்" என்றார் அவர், ஊசி குத்திய கையால் போர்வையை முகத்துக்கு இழுத்தபடி. "இன்னொரு கஸ்டமர் பாத்துரப் போறான்."