சிவகாசி சரஸ்வதி

"குங்குமம்" என்றார் ராக்கப்பன்.

குருவம்மாள் புருஷனின் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு.

"நான் வைக்கிறது சாந்துப் பொட்டு. குங்குமம் எங்கன இருந்து வந்துச்சு?"

காலையில் கிணற்றடியில் ராக்கப்பன் இருமியபோது வந்த ரத்தம் அது. ஆனால் எப்படிச் சொல்வது? மகள் சொர்ணலட்சுமிக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் ரத்தமாக இருமுகிறான் என்று தெரிந்தால், டி.பி. பிடித்த குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அது... ஒருத்தி" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. விருதுநகரில் மிளகாய் வத்தல் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கிற மனிதர். எதிரே பெண்பிள்ளைகள் வந்தால் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்கிறவர்.

"எந்த ஊர்க்காரி?"

"சிவகாசி."

"பேரு?"

பேர் யோசித்து வைக்கவில்லை. அவர் கண் சுவரெல்லாம் அலைந்து, பட்டாசுக் கம்பெனி கொடுத்த காலண்டரில் போய் நின்றது.

"சரஸ்வதி."

குருவம்மாளும் காலண்டரைப் பார்த்தாள்.

"வீணையெல்லாம் வாசிப்பாளோ?"

"சுமாரா வாசிப்பா."

அவ்வளவுதான். குருவம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே நின்று அவள் போட்ட சத்தத்தில், தண்ணீர் வருவதற்கு முன்னால் சரஸ்வதி தெரு முழுக்க வந்துவிட்டாள்.

"ராக்கப்பண்ணனா!" அடுத்த வீட்டு முத்துப்பேச்சிக்கு நம்பவே முடியவில்லை. "ரெண்டு வீட்டுச் சோறு திங்கிற மனுசன் ஊதியில்ல போகணும்? இவுகளுக்கு அரைஞாண் கயிறே இடுப்புல நிக்க மாட்டேங்குதே மதினி!"

"அவ சோறு போட்டாத்தான? வீணைய வாசிச்சே அனுப்பிருவா போல!" என்றாள் இன்னொருத்தி.

"குரலும்ல கம்மிப் போச்சு. முன்னெல்லாம் கிட்டங்கியில நிறை சொன்னா மெயின் ரோட்டுக்குக் கேக்கும்."

"காதுக்குள்ளயே கொஞ்சிப் பேசிப் பழகிட்டாக!"

குடங்கள் உருளச் சிரித்தார்கள். குருவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, அரக்குச் சிவப்புச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

"கெளம்புங்க. இன்னைக்கே அவளை நான் பாக்கணும்."

"எவளை?" என்று மறந்துபோய்க் கேட்டுவிட்டார் ராக்கப்பன்.

"சரஸ்வதிய!"

தெருவே வாசலுக்கு வந்து நின்றது. "சக்களத்திச் சண்டைக்குப் போறவ கல்யாணத்துக்குப் போறவ கணக்கா சிவப்புச் சேலை கட்டிட்டுப் போறா பாரு" என்று முத்துப்பேச்சி கன்னத்தில் கை வைத்தாள்.

ராக்கப்பனுக்குக் கவலை வேறு. மனைவியின் கூடையில் தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் இருந்தன.

"சண்டை போடப் போறதுக்குப் போர்வை எதுக்கு?"

"சண்டை முடிய நாளாகும்."

பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் அம்மா அய்யம்மாளே எதிரில் வந்தாள். சமாச்சாரம் அவள் காதுக்கும் போயிருந்தது. ராக்கப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஆம்பளைன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்வாக சம்பந்தி" என்றாள் அய்யம்மாள் பெருந்தன்மையாக. "இதுக்குப் போயி கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுறாதீக. சீக்கு, கீக்குன்னாத்தான் நாங்க யோசிப்போம்."

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி! ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் வருவேன்" என்று குருவம்மாள் புருஷனை முதுகில் கை வைத்து பஸ்ஸுக்குள் தள்ளினாள். ஜன்னலோரம் தான் உட்கார்ந்துகொண்டாள்.

கண்டக்டர் வந்தார்.

"மதுரைக்கு ரெண்டு" என்றாள் தணிந்த குரலில். "பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துல எறக்கி விடுங்க அண்ணாச்சி."

ராக்கப்பன் நிமிர்ந்தார். "குருவு... சிவகாசி பஸ் அந்தா நிக்குது."

"தெரியும். துணி துவைக்கிறவ நான். குங்குமம் சவுக்காரத்துல ஓடிப்போயிரும். ரத்தம் காஞ்சா கறுத்துப்போய் நிக்கும்."

"வத்தல் நெடியில தொண்டை புண்ணாகி வந்திருக்கும்" என்றார் அவர்.

"பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கிட்டங்கியப் பூட்டிப் போட்டிருந்தாக. அப்பவும் இருமிக்கிட்டுத்தான் இருந்தீக. அது என்ன, வத்தல் நெடி வீட்டுக்கும் வருமா? எங்க சித்தப்பாவும் பீடியக் குடிச்சிக்கிட்டே நெடி, நெடின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. உடம்பு உருகி, குரல் கம்மி, ரத்தம் வந்து, படுத்த பொறவுதான் மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம். நுரையீரல்ல புத்துநோயாம். முந்தியே வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அந்த முந்தி எப்பன்னு எனக்கு இப்பத் தெரியுது."

"எனக்கும் அதானா?"

"தெரியலை. டி.பி.யோ, புத்தோ, ஒண்ணுமில்லையோ. படம் புடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்."

ராக்கப்பன் மடியில் பீடிக்கட்டைத் தேடினார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா ஊரைக் கூட்டிக் கத்துன?" என்றார். "உன்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாகளே."

அதற்குள் பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கீழே நின்ற அய்யம்மாள் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பேரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

குருவம்மாள் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"சம்பந்தி! அந்தச் சிறுக்கி மதுரைக்கு ஓடிட்டாளாம்! விடமாட்டேன்!" என்று கத்தி, பீடிக்கட்டை ரோட்டில் விட்டெறிந்தாள்.

அய்யம்மாள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

ராக்கப்பனுக்கு இருமல் வந்தது. குருவம்மாள் தலையை உள்ளே இழுத்து, முந்தானையால் அவர் வாயை மெதுவாகத் துடைத்துவிட்டாள். சிவப்புச் சேலையில் எதுவும் தெரியவில்லை.