கம்பி இல்லாத ஜன்னல்

கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டோரத் தகரக் கொட்டகை. ஐம்பத்தாறாம் வருஷத்துப் பங்குனி வெயில் கூரை ஓட்டைகள் வழியே சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. பஸ்களுக்குக் கூடு வடிவமைக்கும் முனீர் அகமது, புது வண்டியை அதன் முழு அளவில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்திருக்கிறார். வரைந்த ஜன்னல் ஒன்றுக்குள் ஒருக்களித்துப் படுக்கிறார். தோள் கோட்டில் உரசுகிறது. எழுந்து, கோட்டை அழித்து, நான்கு விரல் தள்ளிப் போட்டு, மறுபடி படுக்கிறார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். புது வண்டியின் முதலாளி சென்னகிருஷ்ணன் செருப்புக் காலோடு படத்தின் மேல் நிற்கிறார். “ஜன்னலுக்குக் கம்பி எங்க பாய்? இல்லாட்டி அது வழியாவே ஏறுவானுங்க.” “ஏறட்டுங்க.” “முந்தியெல்லாம் எல்லா வண்டிக்கும் போடுவீங்களே.” முனீர் படுத்தபடியே கூரையைப் பார்க்கிறார். “போட்டேனுங்க. நம்ம பக்கத்துக் காவேரிப்பட்டினத்துல ஆத்து வெள்ளத்துல சாஞ்ச வண்டிக்கும் நாந்தான் போட்டேன். அன்னிக்கு ஓடிப்போயிக் கரையில நின்னேன். ஜன்னலுக்கு ஜன்னல் கை மட்டுந்தான் வெளிய வந்துச்சு.” பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம் ஓய்கிறது. சென்னகிருஷ்ணன் குனிகிறார். அவர் கால் இரண்டும் ஒரு ஜன்னலுக்குள் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்.